தலைக்கவசக் கண் சொல்லும் கணக்கு

(இளம் அறிவியல் மூன்றாமாண்டு, இயற்பியல்)

பொருட்காட்சித் திடல்களில் 'மரணக் கிணறு' பார்த்திராதவர் நம்முள் சிலரே இருப்பர். மரப்பலகைகளால் வட்டமாக எழுப்பிய சுவரில், தரைக்கு இணையாகப் படுத்தவாறு மோட்டார் சைக்கிள் சுற்றிச் சுற்றி வரும். மேலே விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் நமக்கு அடிவயிறு கலங்கும். ஓட்டுபவரோ ஒரு கையை விட்டுவிட்டு, நாம் நீட்டும் பத்து ரூபாய்த் தாளைப் பறித்துக்கொண்டு போவார்.

அது மாயமும் அன்று. வெறும் துணிச்சலும் அன்று. 5 மீட்டர் ஆரமுள்ள கிணற்றில் வினாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 43 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினால், சுவர் வண்டியை உள்நோக்கித் தள்ளும் விசை வண்டியின் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காகும். அப்போது உராய்வுக் குணகம் 0.34 இருந்தாலே வண்டி வழுக்காது. ரப்பர்ச் சக்கரத்துக்கும் உலர்ந்த பலகைக்கும் இடையே அதைவிட மிகுதியாகவே உண்டு. ஆரம் மாறாது, பலகை மாறாது, எதிரே வண்டி வாராது. வேகம் ஒன்றை மட்டும் காத்தால் போதும்.

சாகசம் என்பது இதுதான் என்றால், நெடுஞ்சாலையில் நம் வயதினர் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவதும் சாகசந்தானா? இந்த வினாவை எனக்குள் எழுப்பியவர் என் வகுப்புத் தோழர் ஒருவர். சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில், புறவழிச்சாலையின் ஓரச்சாலையில் அவ்வாறு ஓட்டி விழுந்தார். இடக் காறை எலும்பும் மணிக்கட்டில் இரண்டு எலும்புகளும் முறிந்தன. செய்முறைத் தேர்வு ஒன்றை அவர் எழுத இயலவில்லை. விசைத்தறியில் நாட்கூலி பெறும் அவர் தந்தை 23 நாட்கள் தறிக்குப் போகாமல் மருத்துவமனை வாசலில் இருந்தார்.

விழுந்தபோது அவர் தலைக்கவசத்தில் ஒரு சிறு படக்கருவி இருந்தது. அது விழுந்ததையும் படமாக்கிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு கல்லூரிக்கு வந்த அவரிடம் இளைய மாணவர் பலர் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தனர். பார்த்து முடித்த ஒருவர் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணே, எந்த வண்டிண்ணே அது?"

அவர்கள் அந்தப் படத்தில் பார்த்தது வேறு. அதில் இருப்பது வேறு. இருப்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். பெயரைக் குறிப்பிடாமல் எழுதத் தோழர் இசைவு தந்தார்.

ஓடுவதைப் பிடித்த கண்

ஓட்டத்தைப் படங்களாகப் பிரித்து ஆராயும் வழக்கம் குதிரையில் தொடங்கியது. ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே கணத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்பது 19ஆம் நூற்றாண்டில் பெரிய வழக்காக இருந்தது. வெறுங்கண்ணால் தீர்க்க முடியாத அவ்வழக்கை 1878ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் எட்வர்டு மைபிரிட்ஜ் என்பவர் தீர்த்தார். ஓடுபாதை நெடுகப் படக்கருவிகளை வரிசையாக நிறுத்தி, குதிரை கடக்கக் கடக்கப் படமெடுத்தார். நான்கு கால்களும் காற்றில் இருக்கும் கணம் உண்டு என்பது உறுதியாயிற்று. அக்கணம், பலர் வரைந்த ஓவியங்களில் இருந்ததுபோல் கால்கள் விரிந்த கணம் அன்று. வயிற்றுக்கு அடியில் கால்கள் கூடிய கணம். கண்ணால் கண்டதாக நாம் எண்ணுவதும் உண்மையில் நடப்பதும் வேறாக இருக்கலாம் என்பதே அப்படங்கள் தந்த முதற்பாடம்.

வெளியே நின்று பார்த்த கருவி ஓடுபவர் தலைக்கே ஏற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1987ஆம் ஆண்டு மார்க் ஷுல்ஸ் என்ற அமெரிக்கர் மலைச் சைக்கிள் ஓட்டத்தைப் படமெடுக்க, சிவப்பு நிற மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் ஒன்றில் வீடியோ படக்கருவியைப் பொருத்தினார். பதிவு செய்யும் பெட்டியை முதுகுப்பையில் சுமக்க வேண்டியிருந்தது. 2002இல் நிக் உட்மன் தொடங்கிய கோப்ரோ நிறுவனம், 2004இல் மணிக்கட்டில் கட்டும் பிலிம் படக்கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. சில ஆண்டுகளில் அது பிலிமைக் கைவிட்டு எண்முறைக்கு மாறியது. இன்று தீப்பெட்டியினும் சற்றே பெரிய கருவி வினாடிக்கு 30, 60, 240 படங்கள் வரை எடுக்கிறது. முதுகுப்பை தேவையில்லை, உதவிக்கு ஆளும் தேவையில்லை. விழுபவரே தம் வீழ்ச்சியின் படப்பிடிப்பாளராகவும் ஆகிவிட்டார்.

ஒரு நீரூற்றும் 5 விழுக்காடும்

வீழ்ச்சி படமாக்கப்பட்டுப் புகழ் பெற்ற பெரும் நிகழ்ச்சி ஒன்று தலைக்கவசக் கருவிக்கு முற்பட்டது. 1967 டிசம்பர் 31ஆம் நாள், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், சீசர்ஸ் பேலஸ் விடுதியின் நீரூற்றுகளை ஈவில் நீவல் என்பவர் மோட்டார் சைக்கிளில் தாண்ட முயன்றார். தாண்டவேண்டிய தொலைவு 141 அடி, அதாவது 43 மீட்டர். நடிகர் ஜான் டெரக் அதைப் படமாக்க ஏற்பாடு செய்தார். இறங்கும் இடத்தில் படக்கருவியை இயக்கியவர் நடிகை லிண்டா எவன்ஸ்.

ஏறுதளத்தில் வண்டி எதிர்பாராமல் வேகம் குறைந்ததாக நீவல் பின்னர்க் கூறினார். வண்டி இறங்குதளத்தின் சரிவை எட்டாமல், அதற்கு முன்னிருந்த பாதுகாப்புத் தளத்தின்மேல் விழுந்தது. கைப்பிடி கையைவிட்டுப் பிய்ந்தது. அவர் உருண்டு, வழுக்கி, அடுத்த விடுதியின் வண்டி நிறுத்துமிடம் வரை போனார். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் நொறுங்கின; மணிக்கட்டும் இரு கணுக்கால்களும் முறிந்தன.

இங்கே நம் பாடநூற் கணக்கைப் பொருத்திப் பார்ப்போம். எறிபொருளின் வீச்சு, திசைவேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். ஏறுதளம் 20 பாகை சாய்வு என்றும், ஏறும் உயரமும் இறங்கும் உயரமும் ஒன்று என்றும், காற்றின் தடை இல்லை என்றும் வைத்துக்கொண்டால், 43 மீட்டர் தாண்ட மணிக்கு 92 கிலோமீட்டர் வேகம் வேண்டும். இவ்வேகத்தில் 5 விழுக்காடு குறைந்தால் வீச்சில் ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும். அதாவது 92 என்பது 87½ ஆனால், 4 மீட்டருக்கு மேல் முன்னதாகவே வண்டி தரைக்கு வந்துவிடும். வேகமானியின் முள்ளில் கண்ணுக்குத் தெரியாத சிறு அசைவு. தரையில் ஒரு வகுப்பறையின் அகலத்தில் பெரும்பகுதி!

சரிவான தளத்தில் இறங்குபவனுக்குச் செங்குத்துத் திசைவேகம் சிறுகச் சிறுகக் குறைகிறது. சமதளத்தில் விழுபவனுக்கு அது ஒரே அடியில் நிற்கிறது. நீவல் முறிந்த இடம் இதுதான்.

இதே நீரூற்றை 1989 ஏப்ரல் 14இல் அவர் மகன் ராபி நீவல் தாண்டி வெற்றி கண்டார். 2018 ஜூலை 8இல் டிராவிஸ் பாஸ்ட்ரானா என்பவரும் தாண்டினார். இருப்பினும் மக்கள் மீண்டும் மீண்டும் பார்ப்பது 1967ஆம் ஆண்டின் வீழ்ச்சியைத்தான். தாண்டியவர்களைவிடத் தாண்டாதவரே புகழ் பெற்றார். வீழ்ச்சிக்குப் பார்வையாளர் உண்டு என்பதை உலகம் அன்றே கற்றுக்கொண்டது. இன்றைய காணொளிகள் அந்தப் பாடத்தின் தொடர்ச்சியே எனலாம்.

முன்சக்கரம் ஏன் எழுகிறது?

இனி நம் தோழரின் வண்டிக்கு வருவோம். வண்டி முடுக்கம் பெறும்போது, பின்சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தரை சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. இவ்விசை செயற்படுவது தரைமட்டத்தில். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த ஈர்ப்பு மையமோ தரைக்கு மேலே இருக்கிறது. ஆகவே இவ்விசை முன்புறத்தை மேலே திருப்ப முயல்கிறது. எடை அதைக் கீழே திருப்ப முயல்கிறது. இரு திருப்புத்திறன்களும் சமமாகும்போது முன்சக்கரத்தின்மேல் சுமை பூச்சியமாகிறது. அதற்கு மேல் முடுக்கம் கூடினால் சக்கரம் எழும்.

ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.70 மீட்டர் உயரத்திலும், பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து 0.70 மீட்டர் முன்னாலும் இருப்பதாகக் கொள்வோம். அப்போது வேண்டிய முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்கே சமம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 200 கிலோகிராம் என்றால், வேண்டிய விசை 1,960 நியூட்டன். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இவ்விசையைத் தர ஏறத்தாழ 14½ குதிரைத்திறன் வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 44 குதிரைத்திறன் வேண்டும்.

நம்மில் பலர் ஓட்டும் 150 சி.சி. வண்டிகளின் உச்சத்திறன் இதில் முதல் எண்ணை ஒட்டியதே. ஆகவே சிறிய வண்டியில் முன்சக்கரம் தானாக எழுவதில்லை. கிளட்சைப் பிடித்து, எஞ்சினை உறுமவைத்து, சட்டென விட்டு, கைப்பிடியைப் பின்னோக்கி இழுத்தே எழுப்புகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தொடர்ந்த விசையால் மெல்ல எழும் பொருளை நாம் விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். ஓர் உதறலால் எழும் பொருள், உதறல் தந்த சுழற்சியோடு போகும். எங்கே நிற்கும் என்பது விடும் கணத்திலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

சிலம்பக் கம்பும் பென்சிலும்

எழுந்த வண்டி எந்தச் சாய்வில் சமநிலை பெறும்? ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு நேர் மேலே வரும்போது. அச்சு தரையிலிருந்து 0.30 மீட்டர் உயரம் எனில், மையம் அச்சுக்கு 0.40 மீட்டர் மேலேயும் 0.70 மீட்டர் முன்னேயும் உள்ளது. கணக்கிட்டால் சாய்வு 60 பாகை வருகிறது. அதற்குக் குறைவாயின் எடை முன்சக்கரத்தைக் கீழே கொணரும். மிகுந்தால் எடையே வண்டியைப் பின்னால் கவிழ்க்கும். அதுவரை நண்பனாயிருந்த புவியீர்ப்பு அந்தக் கோட்டைத் தாண்டியதும் பகைவனாகிறது.

உள்ளங்கையில் சிலம்பக் கம்பை நிறுத்திப் பாருங்கள். சற்றுப் பழகினால் நிற்கும். பென்சிலை நிறுத்திப் பாருங்கள், நிற்காது. நீளமான பொருள் மெதுவாகவும் குட்டையான பொருள் விரைவாகவும் சாய்வதே காரணம். ஒன்றரை மீட்டர்க் கம்பின் சாய்வு, முதல் தயக்கம் கழிந்தபின், ஒவ்வொரு 0.32 வினாடிக்கும் ஏறத்தாழ 2.7 மடங்காகப் பெருகும். பென்சிலுக்கு இக்காலம் 0.11 வினாடிதான். கண்ணால் கண்டு கையசைக்க நமக்கு 0.2 வினாடியாவது ஆகும். எனவே பென்சில் நம்மை வென்றுவிடுகிறது.

எளிமைப்படுத்திய கணக்கில், முன்சக்கரம் எழுந்த மோட்டார் சைக்கிளுக்கு இக்காலம் ஏறத்தாழ 0.35 வினாடி. அதாவது கம்பின் இனம். பென்சிலின் இனம் அன்று. அதனாலேதான் பயின்றவர்கள் பின்பிரேக்கின்மேல் வலக்காலை முன்கூட்டியே வைத்து, மெல்ல மெல்ல அழுத்திச் சமநிலையைக் காக்கிறார்கள். பிரேக் பிடித்தால் தரை தரும் விசை திசைமாறி, வண்டியின் முன்புறத்தைக் கீழே இறக்கும். காலை முன்கூட்டியே வைத்திருந்தால் கம்பு. இனிமேல் தேட வேண்டும் என்றால் பென்சில்.

27 படங்கள்

தோழரின் பதிவு வினாடிக்கு 30 படங்கள் கொண்டது. ஆய்வகக் கணிப்பொறியில் அதை ஒவ்வொரு படமாக நிறுத்தி நகர்த்தினோம். எந்தப் படத்தில் வண்டி 60 பாகையைத் தாண்டியது என்பதை அறிவது முதற்சிக்கலாயிற்று. எங்கள் ஆசிரியர் ஒரு வழி சொன்னார். பழுது பார்த்த அதே வண்டியைக் கல்லூரித் திடலில் நிறுத்தி, நான்கு பேர் பிடித்து, முன்புறத்தை 60 பாகைக்குத் தூக்கினோம். தோழர் அதே தலைக்கவசத்தோடு அதன்மேல் அமர்ந்தார். அந்நிலையில் வேகமானி படத்தில் எங்கே தெரிகிறது என்று குறித்துக்கொண்டோம். பின்னர் விழுந்த நாளின் பதிவில் வேகமானி அதே இடத்துக்கு வரும் படத்தைத் தேடினோம். அது 33ஆம் படம். கைப்பிடி அவர் கையைவிட்டு நழுவியது 60ஆம் படம். இடைப்பட்டவை 27 படங்கள், காலம் 0.9 வினாடி.

இதைக் கணக்கிடுமுன், "எவ்வளவு நேரம் தூக்கியபடி போனாய்?" என்று தோழரைக் கேட்டிருந்தோம். "ரொம்ப நேரம் நின்னுச்சு. நாலஞ்சு வினாடி இருக்கும். ஆக்சிலேட்டரை விட்டுட்டேன், அப்புறந்தான் கை நழுவுச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அச்சத்தில் கழிந்த கணம் நினைவில் நீண்டுவிடுகிறது.

ஆனால் பதிவில் ஒலியும் இருந்தது. அந்த 27 படங்களிலும் எஞ்சினின் ஒலி குறையவில்லை, ஏறிக்கொண்டே போயிற்று. ஆக்சிலேட்டர் விடப்படவில்லை, மேலும் திருகப்பட்டது. யார் திருகியது? அவர் உடல் எடையே திருகியது! வண்டி பின்னால் சாயும்போது உடல் இருக்கையில் பின்னோக்கி வழுக்குகிறது. விழாமலிருக்கக் கை கைப்பிடியை இறுகப் பற்றுகிறது. பின்னால் போகும் உடல், பற்றிய கையை இழுக்கிறது, மணிக்கட்டு கீழே இறங்குகிறது, ஆக்சிலேட்டர் திறக்கிறது. திறந்தால் வண்டி மேலும் எழுகிறது; எழுந்தால் உடல் மேலும் வழுக்குகிறது. விளைவே காரணத்தை வளர்க்கும் வட்டம் இது. உயிரைப் பிடிக்கும் பிடியே வண்டியைக் கவிழ்க்கிறது.

அதுவரை தோழர், "அன்னைக்குக் கவனம் சிதறிடுச்சு, அடுத்த தடவை சரியாப் பண்ணிடுவேன்" என்றே சொல்லிவந்தார். ஒலியின் ஏற்றத்தைக் கேட்டபின் அவர் அவ்வாறு சொல்லவில்லை. கவனம் சிதறியதால் அவர் விழவில்லை. கவனம் முழுவதும் இருந்தும், உடல் தன் இயல்பான காரியத்தைச் செய்ததால் விழுந்தார். கவனக்குறைவு என்றால் அடுத்தமுறை திருத்தலாம் என்ற நம்பிக்கை பிறக்கும். அந்த நம்பிக்கைதான் இரண்டாம் வீழ்ச்சிக்குத் தாய்.

படம் காட்டாதவை

படக்கருவி பொய் சொல்லாது என்பர். ஆனால் எல்லாவற்றையும் சொல்லுவதுமில்லை.

முதலாவது, வில்லை. இக்கருவிகளில் அகன்ற கோணம் காட்டும் வில்லை உள்ளது. அது தொலைவிலுள்ளவற்றைச் சிறிதாக்குகிறது. ஓரத்திலுள்ள மரங்களையும் கம்பங்களையும் வேகமாகப் பாயச் செய்கிறது. 60 கிலோமீட்டர் வேகம் படத்தில் 90 போலத் தோன்றும். பார்ப்பவர் அந்தக் கிளர்ச்சியைச் சாலையில் தேடும்போது 60 போதாது, 90 வேண்டும். உண்மை வேகத்தை அறிய எளிய வழி ஒன்றுண்டு. சாலை நடுவிலுள்ள விட்டுவிட்ட வெள்ளைக் கோடுகளில் ஒன்றன் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை நேரில் நாடாவால் அளக்கவேண்டும். அது 9 மீட்டர் என்றும், அதைக் கடக்க 12 படங்கள் ஆயின என்றும் கொண்டால், காலம் 0.4 வினாடி, வேகம் மணிக்கு 81 கிலோமீட்டர். தோழரின் வேகத்தை நாங்கள் இவ்வாறே அளந்தோம்; 31தான். அவர் நண்பர்களோ 'அறுபதுக்குமேல்' என்று சொல்லிக்கொண்டிருந்தனர்.

இரண்டாவது, பதிவின் முடிவு. வீழ்ச்சிப் படங்களில் பெரும்பாலானவை விழுந்தவர் எழுந்து நிற்பதோடு முடியும். எழுந்து நின்றவர்தாமே படத்தை வெளியிட முடியும்? எழாதவரின் படம் காவல் நிலையத்தில் இருக்கும். அல்லது பெற்றோரின் பேழையில் இருக்கும். நூறு வீழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு 'ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்று முடிவு கட்டுவது, தேர்ச்சி பெற்றவர்களை மட்டும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு 'இத்தேர்வில் தோற்றவரே இல்லை' என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, மற்றவர்கள். கருவி முன்னோக்கியே பார்க்கிறது. பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் திடீரென்று பிரேக் அடித்ததும், ஓரத்தில் நடந்த பெண்மணி வாய்க்காலில் இறங்கியதும் அதில் விழுவதில்லை.

பேழையிலிருந்து வெளிவந்த ஒரு படம்

பேழையிலிருந்து வெளிவந்த படம் ஒன்று உண்டு. அது சாகசப் படம் அன்று, ஆயினும் அறியவேண்டியது. 2013 ஜூன் மாதம் இங்கிலாந்தின் நார்போக் மாவட்டத்தில், ஏ47 நெடுஞ்சாலையில், 38 வயதான ஒருவர் மோட்டார் சைக்கிளில் சென்றார். எதிரே வந்த கார் அவர் பாதைக்குக் குறுக்கே திரும்பியது. மோதி இறந்தார். அவர் தலைக்கவசக் கருவி அதைப் பதிவு செய்திருந்தது. 2014 செப்டம்பரில், மகனை இழந்த தாயின் இசைவோடு காவல்துறை அப்படத்தை வெளியிட்டது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்தனர்.

கார் ஓட்டியவர் மோட்டார் சைக்கிளைத் தாம் பார்க்கவேயில்லை என்றார், அவர் தண்டிக்கப்பட்டார். இறந்தவரும் அச்சாலையில் அனுமதிக்கப்பட்ட 60 மைலை மீறி, 97 மைல் வேகத்தில் சென்றுகொண்டிருந்தார். தாய் இரண்டையும் மறைக்கவில்லை. மகன் வேகமாகச் சென்றான் என்பதை ஒப்புக்கொண்டே, பிறர் பாடம் பெறட்டும் என்று படத்தைக் கொடுத்தார்.

உராய்வுக் குணகத்தை 0.7 எனக் கொண்டு கணக்கிட்டால், பிரேக் பிடித்தபின் 60 மைல் வேகத்தில் நிற்க 52 மீட்டரும், 97 மைல் வேகத்தில் 137 மீட்டரும் வேண்டும். வேகம் 1.6 மடங்கானது, தொலைவோ 2.6 மடங்காயிற்று. அது மட்டுமன்று. 97 மைல் வேகத்தில் ஒவ்வொரு வினாடியும் 43 மீட்டர் கழிகிறது. பிரேக்கைத் தொடுமுன்னரே சீசர்ஸ் பேலஸ் நீரூற்றின் நீளம் கடந்துவிடுகிறது.

கவசமும் அதன்மேல் கருவியும்

தலைக்கவசம் இருந்தால் எவ்வேகத்திலும் காப்பு என்று எண்ணுவோர் பலர். கவசம் செய்வது ஒரே வேலை: தலை நிற்கும் தொலைவை நீட்டுவது. உள்ளே தெர்மோகோல் போன்ற நுரைப்படலம் நசுங்கி அதைச் செய்கிறது. ஐரோப்பியத் தரமுறையில் பல்லாண்டுகள் நிலவிய முக்கியச் சோதனை, கவசத்தை வினாடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் கட்டைமேல் மோதச் செய்வது. ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம். நுரை 2½ சென்டிமீட்டர் நசுங்கினால், தலை உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 115 மடங்கு. கவசமின்றி 5 மில்லிமீட்டருக்குள் நின்றால் 570 மடங்குக்கு மேல். முன்னது பிழைக்கக்கூடியது, பின்னது மண்டையைப் பிளப்பது.

ஆகவே கவசம் காப்பது, தலை தரையை நோக்கி விழும் வேகத்திலிருந்து. 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிரிலுள்ள தூணிலிருந்து அது காக்கும் என்று எவரும் சோதித்துச் சொல்லவில்லை. எனினும் பெரும்பாலான வீழ்ச்சிகளில் தலை தரையில்தான் மோதுகிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அவ்வாண்டு தலைக்கவசம் அணியாமையால் இறந்தோர் எண்ணிக்கை 50,029. நம் தோழர் இன்று நம்மோடு அமர்ந்திருப்பது ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஒரு கவசத்தினால்.

கவசம் வழவழப்பாகவும் உருண்டையாகவும் இருப்பது அழகுக்காக அன்று. தரையில் மோதும்போது வழுக்கிச் செல்லவும், விசை ஓரிடத்தில் குவியாமல் பரவவும் அவ்வாறு அமைத்துள்ளனர். அதன்மேல் கெட்டியான கருவியைப் பசையிட்டு ஒட்டினால், மோதும் விசை அச்சிறு பரப்பில் குவியலாம். தரையில் சிக்கித் தலையைத் திருகலாம். 2013 டிசம்பரில் பிரான்சில் கார்ப்பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் பனிச்சறுக்கில் விழுந்து தலையில் அடிபட்டபோது, அவர் கவசத்திலும் கருவி இருந்தது. அதனால் இவ்வினா உலகெங்கும் எழுந்தது. 2022இல் கேரள மோட்டார் வாகனத்துறை, கருவி பொருத்திய தலைக்கவசத்துக்கு அபராதம் அறிவித்தது. பதிவு தேவையெனில் கருவியை வண்டியின் கைப்பிடியில் பொருத்துவதே அறிவுடைமை.

சட்டமும் நாமும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. 184ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுவதையும், 189ஆம் பிரிவு பொதுச்சாலையில் பந்தயம் விடுவதையும் தண்டிக்கின்றன. 2023 செப்டம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் அருகே, காணொளிகளால் பெயர்பெற்ற இளைஞர் ஒருவர் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்து கை முறிந்தார்; கைது செய்யப்பட்டார்; அவரது ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. படம் பார்த்தோர் பல இலட்சம். உரிமம் இழந்தவர் ஒருவர்.

சட்டம் விழுந்தவரைத் தேடி வருகிறது. பார்த்தவரை அது ஒன்றும் செய்வதில்லை. ஆனால் விழுந்தவரைத் தூக்கச் சொன்னது யார்? "அண்ணே, எந்த வண்டிண்ணே?" என்ற கேள்விதானே அடுத்த சக்கரத்தைத் தூக்குகிறது? சாகசத்தை நான் வெறுக்கவில்லை. மரணக் கிணற்றின் ஓட்டுநரும், அளந்த தளத்தில் தாண்டிய பாஸ்ட்ரானாவும் போற்றத்தக்கவர்களே. அவர்கள் தம் உயிரைத் தாமே அளந்து வைத்தார்கள். வழிப்போக்கர் உயிரை வைக்கவில்லை. எந்தச் சாலையில் அளவு நம் கையில் இல்லையோ, அந்தச் சாலையில் சாகசம் இல்லை, சூதாட்டந்தான் உண்டு.

தோழர் தம் படத்தை அழிக்கவில்லை. கேட்பவர்க்கு இப்போது 33ஆம் படத்தில் தொடங்கி 60ஆம் படம் வரை மெதுவாக ஓட்டி, எஞ்சினின் ஒலியைக் கேட்கச் சொல்கிறார். கருவியை எங்கள் துறைக்கே கொடுத்துவிட்டார். இவ்வாண்டு முதலாமாண்டு மாணவர்கள், மாடிப்படியிலிருந்து போட்ட இரும்புக் குண்டை அதனால் படமெடுத்து, படங்களை எண்ணிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். விடை 9.8ஐ ஒட்டியே வருகிறது. குண்டுக்கும் நமக்கும் அந்த எண் ஒன்றுதான்.